கீரை வாங்கும் கன்னடம்

எங்கள் லைனில் கன்னடம் தெரியாதவர் என்று யாரும் கிடையாது. காலையில் கீரை வாங்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு எல்லோருக்கும் தெரியும்.

லைன் என்பது சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கம்பெனி கட்டிக்கொடுத்த வீடுகளின் வரிசை. கோலார் தங்க வயலில், கோரமண்டல் ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் எங்களுடையது. எங்கள் வீட்டில் ஒருவர் தும்மினால் அடுத்த வீட்டில் "நூறு வயசு" என்பார்கள். நடுச்சுவர் அவ்வளவு மெல்லியது. சுரங்கத்தில் இறங்குகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் தமிழர்கள், இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்னால் வடாற்காட்டிலிருந்து மூட்டையோடு வந்தவர்களின் பிள்ளைகள். மாநிலங்களைப் பிரித்துக் கோடு போட்டபோது நாங்கள் மைசூர்ப் பக்கம் இருந்தோம். அதற்கு முன்பும் அங்கேதான் இருந்தோம். அதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

கன்னடம் எங்களுக்கு வெளியிலிருந்து தலைச்சுமையாக வந்தது. காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதி, ஆண்கள் போன பிறகு, சுற்றுக் கிராமங்களிலிருந்து பெண்கள் கீரை, தயிர், புளி, விறகு என்று கொண்டுவருவார்கள். வாசலில் கூடையை இறக்குவார்கள். எங்கள் அம்மாக்கள் வெளியே வந்து கன்னடத்தில் ஆரம்பிப்பார்கள். எஷ்டு, எவ்வளவு? ஜாஸ்தி ஆயித்து, அதிகம். கம்மி மாடு, குறை. நின்னேது கெட்டோயித்து, நேற்றுத் தந்தது அழுகிவிட்டது. சுள்ளு ஹேள்பேடா, பொய் சொல்லாதே. பேடா, வேண்டாம். நாளெ பா, நாளைக்கு வா. இதற்கு மேல் ஒரு வார்த்தை எங்களுக்குத் தேவைப்பட்டதில்லை. கவனித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். நாங்கள் கன்னடத்தைக் கன்னடக்காரர்களிடமிருந்து கற்கவே இல்லை. எங்கள் அம்மாக்களிடமிருந்து கற்றோம்.

எங்கள் வீட்டுக்கு வருகிற கீரைக்காரம்மாவுக்கு அம்மாவின் வயதுதான் இருக்கும். அவள் விற்றது தமிழில். அம்மா அவளுடைய மொழியில் விலையைக் குறைப்பாள். அவள் அம்மாவின் மொழியில் ஏற்றுவாள். இது எல்லா வாசலிலும் வழக்கம், யாரும் விசித்திரமாக நினைத்ததில்லை.

"எஷ்டு?" என்பாள் அம்மா, கீரைக்கட்டைத் தொடாமலே.

கீரைக்காரம்மா விலையைச் சொல்வாள்.

"ஜாஸ்தி ஆயித்து. ஏனு இது? கீரையா, புல்லா?"

"இன்னாக்கா இப்டி சொல்ற. அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துகினு கீதே, வாடாம இன்னா பண்ணும்? தண்ணி தெளி, எழுந்து உக்காந்துக்கும். நீ மட்டும் இன்னா, மூஞ்சி கழுவாம இப்டியா இருப்ப?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டால் பேரம் முடிந்தது என்று பொருள். பிறகு இரண்டு பேரும் தமிழுக்கு மாறுவார்கள். மருமகள்கள், மழை, இடுப்பு வலி. என்னைப் பார்த்தால் "இன்னா தம்பி, இன்னும் படிச்சிகினே கீறியா? எப்பதான் முடியும் அது?" என்பாள். பெங்களூரில் நான் பி.ஏ. படித்த காலம் முழுக்க இதே கேள்விதான். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்வாள்.

எங்கள் தமிழைப் பற்றியும் நான் அப்போது கூசிக்கொண்டுதான் இருந்தேன். கல்லூரியில் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன்கள் என்னை "இன்னா" என்று பேச வைத்துக் கேட்டுச் சிரிப்பார்கள். நான் வாரத்தில் ஆறு நாள் "என்ன" என்று பேசப் பழகி, ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்ததும் "இன்னா"வுக்குத் திரும்புவேன். ஆக, ஒருவன் பேச்சைக் கேட்டு அவன் எங்கே உட்கார வேண்டியவன் என்று முடிவு கட்டும் வித்தை எனக்கு நன்றாகவே தெரியும். அடிபட்டுக் கற்றது.

படிப்பு முடிந்து மாநில அரசில் குமாஸ்தா வேலை கிடைத்தது. எந்த அலுவலகம் என்பது வேண்டாம். கிராமத்து ஜனங்கள் நிலம் சம்பந்தமாக வந்து நிற்கிற ஜன்னல் ஒன்று அங்கே உண்டு, அது போதும். நியமன உத்தரவில் வழக்கமான நிபந்தனைகள் இருந்தன. தகுதிகாண் காலத்துக்குள் கன்னடத் தேர்வில் தேற வேண்டும். எழுத்துத் தேர்வு ஒன்று, பேச்சுத் தேர்வு ஒன்று. தேறாதவர் நிரந்தரம் ஆக முடியாது. நிரந்தரம் ஆகாதவரைக் காரணம் சொல்லாமல் அனுப்பலாம். அனுப்புகிற உத்தரவின் வாசகம்கூட எனக்கு மனப்பாடம். சில பேருக்கு அதை நானே பிற்பாடு தட்டச்சு செய்திருக்கிறேன்.

எழுத்துத் தேர்வில் முதல் தடவையே தேறினேன். எழுத்தை ஒரு நாளைக்கு நான்காகக் கற்று, சுற்றறிக்கைகளை உரு போட்டு, அரசாங்கத்தின் கன்னடத்தை அரசாங்கத்தைவிட நன்றாக எழுதினேன். பேச்சுத் தேர்வில் வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. கோப்பில் எழுதுகிற கன்னடம் ஒன்று எனக்குத் தெரியும், கீரை வாங்குகிற கன்னடம் ஒன்று தெரியும். மனிதரோடு மனிதர் உட்கார்ந்து பேசுகிற கன்னடம் நடுவில் எங்கோ இருந்திருக்க வேண்டும். அது என்னிடம் இல்லை. இன்னும் ஒரு வாய்ப்புத் தருவார்கள். அதிலும் போனால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்த வீடுதான் பிரச்சினை. நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, சுரங்கத் தூசியில் மார்பு கெட்டுப்போயிருந்தது. ஓய்வு கொடுத்துவிடுவார்கள் என்று தெரிந்துவிட்டது. ஓய்வு கொடுத்தால் கம்பெனி வீட்டைக் காலி செய்ய வேண்டும். பஜார்ப் பக்கம் வாடகைக்கு விடுகிறவர்கள் முதலில் கேட்கிற கேள்வி, "பையன் பர்மனென்ட்டா?" என்பது.

"இன்னாடா இது அநியாயமா கீது," என்றாள் அம்மா. "கன்னடம் தெரியாதா உனக்கு? பேசிகினுதானே கீற பொறந்ததுலேர்ந்து?"

"அது கன்னடம் இல்லம்மா."

"அப்ப நான் இன்னா பேசறேன், துலுக்கா? காலைல கீரைக்காரம்மா வருவா. உக்காரவெச்சி பேசு. அவகிட்ட இல்லாத கன்னடமா ஆபீஸ்ல கீது?"

யோசனை நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தேன். சட்டை எதற்கு என்று இப்போது தெரியவில்லை. கீரைக்காரம்மா கூடையை இறக்கியதும் முன்னால் போய் நின்று, புத்தகத்தில் இருந்த மரியாதைக் கன்னடத்தில், எழுத்து ஒன்றையும் விழுங்காமல், தயவுசெய்து அமருங்கள் என்றேன். தங்கள் ஊரின் பெயர் என்ன என்று கேட்டேன். தங்கள் யஜமானருடைய, அதாவது கணவருடைய, பெயர் என்ன, தங்களுக்கு எவ்வளவு நிலம் இருக்கிறது என்று வரிசையாகக் கேட்டேன். தேர்வில் வரக்கூடிய கேள்விகள் அவை.

அவள் அமரவில்லை. என் சட்டையைப் பார்த்தாள். அம்மா எங்கே என்று உள்ளே எட்டிப் பார்த்தாள். "இன்னா தம்பி, இன்னா ஆச்சி?" என்றாள் தமிழில். நான் விடாமல் கன்னடத்தில் அதே கேள்வியை இன்னும் பணிவாகக் கேட்டேன். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு, அடுத்த வீட்டில்கூட நிற்காமல், லைனின் கடைசிவரை வேகமாக நடந்து போய்விட்டாள்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. லைன் முழுக்கக் கீரை இல்லை.

"இன்னாடா பண்ண அவள?" அம்மா கரண்டியோடு வந்தாள். "பக்கத்து வீட்டுக்காரி கேக்கறா, உன் புள்ள கீரைக்காரிய இன்னா கேட்டான், அவ ஓடறாளேன்னு. மானம் போவுது."

"மரியாதையா பேசினேன்."

"மரியாதையா ஏன்டா பேசின?"

அந்த வாரக் கடைசியில் அம்மாவே ரயில்வே கேட் வரை போய், கிராமத்துப் பெண்கள் வருகிற வழியில் நின்று, அவளைக் கண்டதும் நடுரோட்டில் கத்தினாளாம், "ஏய், எல்லி ஹோதெ? பா இல்லி!" எங்கே போனாய், வா இங்கே. அதைக் கேட்ட பிறகுதான் கீரைக்காரம்மாவுக்கு உயிர் வந்ததாம். வீட்டுக்கு வந்து, நான் ஆபீசுக்குப் போயிருந்த நேரத்தில், அம்மாவிடம் காரணத்தைச் சொல்லியிருக்கிறாள். "எங்க பாஷையில நல்ல சட்ட போட்டவங்க உக்காரு, பேரு சொல்லு, புருசன் பேரு சொல்லு, எவ்ளோ நெலம்னு மரியாதையா கேட்டா, ஏதோ எழுதிகினு போறாங்கன்னு அர்த்தம்கா. வரி போடுவாங்கோ, இல்ல நெலத்த புடுங்குவாங்கோ. தம்பி இப்ப சர்க்கார் ஆளாச்சே. பயந்துட்டேன்."

அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போது அது சிரிப்பாகத்தான் இருந்தது.

பேச்சுத் தேர்வு கோலாரில், ஓர் அரசுக் கட்டடத்தில், நீண்ட மேசை போட்ட அறையில். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் சரிகைத் தலைப்பாகை கட்டிய வயதான அதிகாரி, கண்ணியமான முகம். முதலில் ஒரு சுற்றறிக்கையைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். பொதுமக்களிடம் அவர்களுடைய மொழியிலேயே பேச வேண்டும், அப்போதுதான் இது தங்களுடைய அரசு என்ற எண்ணம் அவர்களுக்கு உண்டாகும் என்று அதில் இருந்தது. தடுக்காமல் வாசித்தேன். அவர் தலையசைத்தார்.

பிறகு காகிதத்தை வாங்கி வைத்துவிட்டு, "இப்போது நான் ஒரு விவசாயி. உங்கள் ஜன்னலுக்கு வந்திருக்கிறேன். பேசுங்கள்," என்றார் கன்னடத்தில். சொன்னவர் அப்படியே மாறிப்போனார். முதுகு வளைந்தது. இரண்டு கைகளையும் சேர்த்துக்கொண்டார். குரல் மெலிந்து, "புத்தீ..." என்றார். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் தாழ்ந்து நிற்கிறவர்கள் தங்களுக்கு மேலே இருப்பவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தகப்பன் செத்துவிட்டான், நிலத்தைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும், பெரிய மனது பண்ண வேண்டும் என்றார்.

மனப்பாடம் செய்ததெல்லாம் பறந்துவிட்டது. துக்கம் சொல்ல வேண்டும் என்று மனதில் பட்டது. அதற்கு வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை. போன தடவை மாதிரி ஊமையாக நின்றால் வேலை போய்விடும், வீடு போய்விடும். பயத்தில் வாய் தனக்குத் தெரிந்ததை எடுத்துக்கொண்டது.

"ஏனு?" என்றேன். என்ன?

அவர் மறுபடி பணிந்து சொன்னார்.

"அர்ஜி எல்லி?" மனு எங்கே?

இல்லாத மனுவை அவர் நீட்டினார். நான் வாங்கிப் பார்த்தேன். "இது சாலது." போதாது. அவர் ஏதோ சமாதானம் சொல்ல வந்தார். "சுள்ளு ஹேள்பேடா," என்றேன், அம்மாவின் குரலில், அம்மா கட்டைத் தள்ளுகிற கையசைவோடு. "ஹோகு. நாளெ பா." போ, நாளைக்கு வா.

பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் வெடித்துச் சிரித்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போச்சு என்று நினைத்தேன். தலைப்பாகைக்காரர் மெதுவாக நிமிர்ந்து உட்கார்ந்து, பழைய குரலில், "இதற்கு முன் எங்கே வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டார்.

"எங்கும் இல்லை ஸார். இதுதான் முதல் வேலை."

"ஆச்சரியம். இருபது வருடம் ஜன்னலில் உட்கார்ந்தவரைப் போலப் பேசுகிறீர்கள்." பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினார். "கன்னடம் சுமார்தான். ஆனால் ஆபீஸ் நன்றாகத் தெரிந்திருக்கிறது. போடுங்கள்." தேறினேன்.

வெளியே வந்து, மரத்தடியில் நின்றபோது சந்தோஷம் வரவேண்டும் என்று காத்திருந்தேன். வந்தது, ஆனால் முகம் சுட்டது. எவனோ பார்க்கிற மாதிரி இருந்தது. கீரை வாங்க நாங்கள் வைத்திருந்த பேச்சை நான் கொண்டுபோய்ச் சர்க்கார் மேசையில் வைத்தேன்; அவர்கள் அதைப் பார்த்ததும் தங்கள் சாமான் என்று அடையாளம் கண்டுகொண்டார்கள்.

வீட்டில் நடந்ததை நடித்துக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். அம்மா பூரித்துப் போனாள். "பாத்தியா? நான் பேசறது கன்னடம் இல்லன்னான்!"

நைனா கட்டிலில் உட்கார்ந்து, இருமலுக்கு நடுவே கேட்டுக்கொண்டிருந்தார். இளவயதில் அவர் துரைமார்களின் கீழ் வேலை செய்தவர். துரை பேசுகிற தமிழை அவர் போலப் பேசிக் காட்ட லைனில் ஆள் கிடையாது; கல்யாண வீடுகளில் கேட்டு வாங்கி ரசிப்பார்கள். இப்போது அந்தக் குரலை எடுத்தார். "ஏ மேன்! இன்னா நீ? ஏன் லேட்? பொய் சொல்றான்! போ! நாளைக்கு வா!" அம்மா சிரித்தாள். நைனா சிரிக்காமல் என்னைப் பார்த்து, "துரைக்கும் அவ்ளோதான்டா தமிழ் தெரியும். முப்பது வருசம் எங்க நடுவுலதான் இருந்தான். ஒருத்தனையும் சாப்டியான்னு கேக்கத் தெரியாது அவனுக்கு," என்றார். பிறகு, "இருக்கட்டும். வேலை நெலைச்சிச்சி இல்ல," என்றார்.

வேலை நிலைத்தது. நைனா ஓய்வுபெற்றபோது, லைனுக்கு வெளியே பஜாருக்குப் போகிற வழியில் ஒரு வாடகை வீட்டுக்கு மாறினோம். வீட்டுக்காரர், பையன் பர்மனென்ட்டா என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னோம். கீரைக்காரம்மாவும் எங்களோடு இடம் மாறினாள். அவள் வழியிலிருந்து அது விலகின தெரு. இருந்தாலும் அம்மாவோடு சண்டை போடாமல் அவளுக்குப் பொழுது விடியாது போல.

ஒருநாள் மாலை அம்மா சொன்னாள், "கீரைக்காரம்மா புருசன் பூட்டானாம்டா. பாவம், அழுதுகினே வந்தா. நானும் அழுதேன்." இரண்டு பேரும் தமிழில் அழுதிருக்கிறார்கள். நான் "அப்படியா" என்று கேட்டுக்கொண்டேன். நேரில் பார்த்தபோது "இருக்கட்டும்மா, மனச வுடாத" என்று சொன்னேன். சுலபமாக வந்தது. "இன்னா பண்றது தம்பி," என்றாள்.

சில மாதங்கள் கழித்து அவள் ஜன்னலுக்கு வந்தாள்.

எங்கள் அலுவலகத்தில் அப்போது தமிழ்க் குமாஸ்தாக்கள் மீது ஒரு கண் இருந்தது. தமிழர்கள் ஜன்னலில் தமிழ் பேசுகிறார்கள் என்று யாரோ மேலே எழுதிப் போட்டிருந்தார்கள். கன்னடத்திலேயே பேச வேண்டும் என்று, தேர்வில் நான் வாசித்த அந்தப் பழைய சுற்றறிக்கையைத் தலைமைக் குமாஸ்தா சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். அவருடைய நாற்காலி என் முதுகுக்குப் பின்னால். அதனால் கண்டித்துச் சொல்ல அவருக்கு அவசியமே ஏற்படவில்லை.

அவள் வரிசையில் நின்று, முறை வந்ததும் முகத்தைத் தூக்கினாள். என்னைப் பார்த்ததும் அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "தம்..." என்று வாயெடுத்தாள்.

"ஏனு?" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வருகிற எல்லோருக்கும் சொல்வது அது. பின்னால் நாற்காலி கிறீச்சிட்டதும் உண்மை.

அவள் வாயை மூடினாள். முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள். முதுகு வளைந்தது. இரண்டு கைகளும் சேர்ந்தன. கோலாரில் தலைப்பாகைக்காரர் நடித்தாரே, அதே மாதிரி, ஓர் அங்குலம்கூட வித்தியாசம் இல்லாமல். "புத்தீ," என்றாள்.

அத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் அவள் தன் மொழியில் என்னிடம் பேசி நான் கேட்டேன். அது வேறு ஒருத்தியின் குரலாக இருந்தது. தமிழில் வாயாடுகிற, அம்மா மூஞ்சி கழுவவில்லை என்று கேலி செய்கிற பெண் அதில் இல்லை. எங்கள் மொழியில் அவள் அம்மாவுக்குத் தங்கை, எனக்கு அக்காவோ சித்தியோ மாதிரி. சொந்த மொழியில் அவள் மனுதாரர். இதைப் பற்றியெல்லாம் ஆராய்ச்சி செய்கிறவர்கள் உண்டு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்கக் கப்பலேறித் தீவுகளுக்குப் போவார்களாம். எங்கள் ஜன்னலுக்கு வந்திருந்தால் கப்பல் செலவு மிச்சம்.

புருஷன் செத்துவிட்டான், காத்தா மாற்ற வேண்டும் என்றாள். பட்டாவை அங்கே காத்தா என்பார்கள். "அர்ஜி எல்லி?" என்றேன். கொடுத்தாள். கிராமக் கணக்கர் கொடுக்க வேண்டிய அறிக்கை இணைக்கப்படவில்லை. "இது சாலது. நாளெ பா," என்றேன். விதிப்படி சரி. அறிக்கை இல்லாமல் மனுவை வாங்கினால் அது பதிவேட்டில் ஏறாமல் கிடந்து, கடைசியில் திரும்பிவிடும். வாங்காமல் அனுப்பியது அவளுக்குச் செய்த உதவி. அதைச் சொல்லவும் ஒரு கன்னடம் வேண்டும்.

அவள் போன பிறகு அந்தக் கணக்கரைப் பிடித்தேன். அன்றைக்கு அவர் வேறு வேலையாக அலுவலகத்துக்கு வந்திருந்தார். நானே வெள்ளைத்தாளை நீட்டி அறிக்கையை வாங்கி, மனுவோடு சேர்க்க எடுத்து வைத்தேன். மறுநாள் அவள் வந்ததும் கோப்பைத் திறந்து, கையோடு மேலே அனுப்பினேன். மாதக்கணக்கில் தூங்குகிற காரியம் சில நாட்களில் முடிந்தது. உத்தரவின் நகலை ஜன்னல் வழியாக நான் நீட்டியபோது, அவள் அதை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

தங்கள் யஜமானர் காலமானது அறிந்து மிகவும் வருந்தினேன் என்று ஒரு கன்னட வாக்கியத்தை நான் முந்தின இரவே கட்டி வைத்திருந்தேன். பிழையில்லாத வாக்கியம். ஜன்னலில் அவள் முகத்தைப் பார்த்ததும், கடைசியாக அவளிடம் நல்ல கன்னடம் பேசியபோது அவள் கூடையோடு ஓடியது ஞாபகம் வந்தது. வாக்கியத்தை விழுங்கிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

மறுநாள் காலையில் வாசலில் வழக்கம்போலச் சத்தம் கேட்டது. நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தேன்.

"எஷ்டு?" என்றாள் அம்மா.

கீரைக்காரம்மா என்னைப் பார்த்தாள். உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றாள். கூடையில் தனியாக, வாழைநாரில் கட்டி வைத்திருந்த பெரிய கட்டு ஒன்றை எடுத்து வாசற்படியில் வைத்தாள். வாடாத, வேரில் ஈரமண் ஒட்டிய கீரை. "இது புத்தியவருக்கு," என்றாள்.

"யாரும்மா அது புத்தியவரு?"

"உன் புள்ளதாங்கா. பெரிய ஒதவி பண்ணாரு."

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "இவனா? இவன் அரணாக்கயிறோட ஓடனப்போ பாத்தவதானே நீ? இவனுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ மரியாத?"

கீரைக்காரம்மா சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தாள். "காசு குடும்மா," என்று நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா நீட்டினாள். அவள் பாம்பைக் கண்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

"தங்கமான மனுசி," என்றாள் அம்மா கட்டை எடுத்து முகர்ந்தபடி. "சும்மாவே குடுத்துட்டுப் போறா பாரு."

சும்மா இல்லை. ஆபீஸ்காரன் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஜன்னலில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, மாமூல். நெய்யாக, கோழியாக, அவரைக்காயாக மற்றவர்கள் வீட்டுக்கு அது போவதைப் பார்த்து நான் முகம் சுளித்திருக்கிறேன். எதையும் தொட்டதில்லை என்று மார்தட்டிக்கொண்டவன். அன்று மத்தியானச் சாப்பாட்டு டப்பாவில் அந்தக் கீரையைக் கடைந்து வைத்திருந்தாள் அம்மா. சாப்பிட்டேன். மீதி வைத்தால் ஏன் என்று கேட்பாள்.

அதற்குப் பிறகு நான் வாசலில் நின்றால் கீரைக்காரம்மா விலை சொல்வதில்லை. அம்மா எஷ்டு எஷ்டு என்று கேட்பாள். அவள் "நீ குடுக்கறத குடுக்கா" என்று முணுமுணுப்பாள், கண் என் பக்கம் இருக்கும். "இன்னா தம்பி" என்பதை நான் மறுபடி கேட்கவே இல்லை. ஒருநாள் நானாகவே, தமிழில், "இன்னாம்மா, எப்டி கீற, புள்ளைங்கள்லாம் நல்லா கீதா?" என்றேன், லைனில் பேசுகிற அதே பேச்சில். "சென்னாகிதீனி புத்தீ," என்றாள். நன்றாக இருக்கிறேன்.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. சும்மா வருகிற கீரை இரண்டு நாளைக்கு நன்றாக இருந்தது; பேரம் இல்லாத காலை அவளுக்கு உப்பில்லாத சோறு. ஒரு வாரம் கழித்து, கூடை இறங்குகிற சத்தம் கேட்டதும் என்னைத் தோளில் பிடித்து உள்ளே தள்ளினாள். "நீ உள்ள போடா. நீ நின்னா அவ வாயே தொறக்க மாட்டேங்கறா. அவ விலை சொல்லாம நான் எப்டி கொறைக்கறது?"

கதவுக்குப் பின்னால், என் சம்பளத்தில் வாடகை கொடுக்கிற வீட்டில், சாப்பாட்டு டப்பாவோடு நின்றேன்.

"எஷ்டு?" என்றாள் அம்மா வெளியே.

"பூட்டாரா?" என்று மெதுவாகக் கேட்டது ஒரு குரல்.

"பூட்டான், பூட்டான். எஷ்டு சொல்லு."

கீரைக்காரம்மா விலையைச் சொன்னாள். ஜாஸ்தி ஆயித்து என்றாள் அம்மா. அம்மாவுக்கு வயசாகிவிட்டது, கண் தெரியவில்லை, இவ்வளவு பெரிய கட்டு சின்னதாகத் தெரிகிறது என்றாள் மற்றவள். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு இடுப்பு வலிக்குப் போனார்கள். அது சீக்கிரம் முடிகிற விஷயம் இல்லை.

ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு புழக்கடைப் பக்கம் நடந்தேன். நைனா கட்டிலிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா தொர," என்றார். "பின்பக்கமா போறீங்கோ?"